ஒளி எழுதும் ஏடு

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஜேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமி. கிர்நார் மலையின் சந்திரகுகையில் தங்கியிருந்த தரசேனாசாரியர், தம் நெஞ்சில் நின்ற ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடுமே என்று கவன்று, புஷ்பதந்தர், பூதபலி என்னும் முனிவர் இருவரை வரவழைத்துக் கற்பித்தார் என்பதும், அவர்கள் வழியாக அது சட்கண்டாகமமாக எழுத்துருப் பெற்று நிறைவுற்ற நாளே இந்நாள் என்பதும் நம் மரபு. அதுவரை செவிவழி வந்தது அன்று ஏட்டில் ஏறியது. அந்நாளில் அதுவும் ஒரு புதிய முறைதான். எழுதி வைத்தால் எழுதியது பிழைபடாதா, ஏடு அழியாதா என்ற ஐயங்கள் அப்போதும் எழுந்திருக்கும்.

இவ்வாண்டு என்னைப் பேச அழைத்த அறங்காவலர்கள் தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். தமிழ் படித்தவன் நாலடியாரையோ சிந்தாமணியையோ எடுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஃபிலிம் என்று நாம் வழங்கும் ஒளிப்படச் சுருள். அதன்மீது கணினியின் எண்களை ஒளிப்புள்ளிகளாக எழுதிவைக்கும் முறையைப் பற்றியே பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. நம் அறக்கட்டளை, ஊர்தோறும் ஜினாலயங்களிலும் இல்லங்களிலும் எஞ்சியிருக்கும் ஏட்டுக்கட்டுகளை ஸ்கேன் செய்து காக்கத் திட்டமிட்டுள்ளது. நல்ல பணி. ஆனால் அத்திட்டம் பேசப்பட்ட நாள்முதல் இரண்டு கேள்விகள் என் செவியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எடுத்த படங்களை எதில் வைப்பது என்பது ஒன்று. படம் எடுத்தபின் ஓலையை என்ன செய்வது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது எனக்கு நடுக்கம் உண்டாகிறது. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட நாடு இது.

முதற்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கணினியில் வைத்தது என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்நாட்டு மன்னன் வில்லியம் 1086இல் தன் நாட்டின் நிலபுலங்களை எல்லாம் கணக்கெடுத்துத் தோல் ஏடுகளில் எழுதுவித்தான். டூம்ஸ்டே ஏடு என்று அதற்குப் பெயர். அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986இல் ஒரு புதிய டூம்ஸ்டேயை உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட பத்து லட்சம் பேர் தத்தம் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினர். அவை அனைத்தும் லேசர் தட்டுகள் இரண்டில் பதிக்கப்பட்டன. பதினைந்து, பதினாறு ஆண்டுகள் சென்றன. தட்டுகள் இருந்தன, அவற்றைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து அதனை மீட்டனர். 900 ஆண்டுப் பழைய தோல் ஏட்டையோ, பழைய எழுத்தை அறிந்த எவரும் அப்போதும் எடுத்து வாசிக்க முடிந்தது.

இங்கிலாந்து வரை போவானேன்? நம்மிடையே 1990களில் கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட விழா மலர் எதையேனும் இன்று திறந்து பாருங்கள். கோப்பு கெட்டிருக்காது. ஆனால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்தும் கிறுக்கல் குறிகளும் கலந்த ஒரு குப்பை. அன்று ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் மனம்போன எண்களைக் கொடுத்திருந்தது. எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை கைவிட்டுப் போனால், கோப்பு முழுதாக இருந்தும் பயனில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்ற குறியீட்டு முறைகளை வகுத்ததும், பின்னர் யூனிகோடு பரவியதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே. ஓலையிலும் இத்தகைய இடர் உண்டென்பதைச் சுவடி பயின்றோர் அறிவர். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதினர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. படிப்பவன் மொழியை அறிந்திருந்ததால் அந்தக் குறை தெரியவில்லை. இன்று கிரந்தமும் தமிழும் விரவிய மணிப்பிரவாள ஏடு ஒன்றை எடுத்துத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் நம் சமுதாயத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எழுதியதை வைத்திருப்பதும், வாசிக்கும் வழியை வைத்திருப்பதும் தனித்தனிக் கடமைகள்.

இனி ஃபிலிமுக்கு வருவோம்.

கணினிக்குத் தெரிந்தவை இரண்டே குறிகள்: ஒன்று, சுழி. காந்தத் தட்டில் இவை காந்தத்தின் திசையாக நிற்கின்றன, கண்ணுக்குத் தெரியா. ஃபிலிமில் எழுதும்போது இவையே கறுப்புப் புள்ளியாகவும் வெள்ளைப் புள்ளியாகவும் நிற்கின்றன. ஒரு விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் பார்த்துவிடலாம். எண்ணத்திலே எளியது, ஆனால் செயலுக்கு வந்த வழி நீண்டது. ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே 1941இல் செய்துமுடித்த இசட் 3 என்ற கணினிக்குக் கட்டளைகளை, கழித்துப்போட்ட 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருளில் துளையிட்டே கொடுத்தார். அது ஒளியால் படிக்கப்பட்டதன்று. துளைகளை நெம்புகோல் போன்ற உறுப்புகள் தொட்டுணர்ந்தன. ஆயினும் ஓர் ஓலைக்காரனின் வேலை போல எனக்குத் தோன்றுவதால் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1967இல் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெரும் கருவியை அளித்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு ஃபிலிம் துண்டுகளில் எலெக்ட்ரான் கதிரால் எழுதி, அவற்றைக் கருவிக்குள்ளேயே கழுவி உலர்த்தி, பெட்டிகளில் அடைத்து, காற்றுக் குழாய் வழியே அலமாரிக்கு அனுப்பும் கருவி அது. அறை நிறைய நின்ற அந்த இயந்திரம் கொண்டது ஒரு லட்சம் கோடிப் புள்ளிகள். இன்று பிள்ளைகளின் கைபேசியில் செருகும் நகமளவு அட்டை அதனைக் கொள்ளும்.

நாம் அனைவரும் அறியாமலே பழகிய ஒன்று உண்டு. 1990களில் திரையரங்கு வாயில்களில் டி.டி.எஸ்., டால்பி டிஜிட்டல் என்ற பலகைகள் தொங்கியது நினைவிருக்கும். டால்பி டிஜிட்டல் முறை 1992இல் வந்தது. படச்சுருளின் ஓரத்தில் அதனை இழுத்துச் செல்வதற்கான துளைகள் வரிசையாக இருக்குமல்லவா, அந்தத் துளைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் ஒரு சிறு கட்டம். அதில் பக்கத்துக்கு 76 ஆக நெய்யப்பட்ட புள்ளிப் பாய். ஒரு நொடிக்கு 24 படம். ஒரு படத்துக்கு நான்கு துளை. ஆகவே நொடிக்கு 96 கட்டங்கள். நாயகன் பேசியதும் பின்னணி இசையும் அந்தப் புள்ளிகளில் இருந்தன. ஒளி ஊடுருவி வந்ததைக் கருவி படித்து ஒலியாக்கியது. டி.டி.எஸ். முறை வேறு. அதில் ஒலி தனிக் குறுந்தகட்டில் இருக்கும். ஃபிலிமில் நேரக்குறி மட்டும் இருக்கும். தகடு தவறிப்போனால் டிஜிட்டல் ஒலியும் போயிற்று.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. டால்பிக்கு இரண்டாண்டு முன்னர், 1990இல், கோடாக் நிறுவனம் பங்கேற்று ஒரு டிஜிட்டல் ஒலிமுறை வந்தது. அதில் பழைய ஒலித்தடத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் புள்ளிகளை வைத்தனர். புள்ளி படிக்க முடியாமற்போனால் அரங்கில் ஒலியே இல்லை. அந்த முறை நிலைக்கவில்லை. டால்பியோ பழைய தடத்தைத் தொடாமல், யாரும் பயன்படுத்தாத இடைவெளியில் புதியதை எழுதியது. புதியது தடுமாறினால் கருவி தானே பழையதற்கு மாறிக்கொள்ளும். ஓலையை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

நீண்டகாலக் காப்புக்கென்றே ஃபிலிமில் எழுதும் பணியை இன்று செய்துவருவது நார்வே நாட்டின் பிக்கிள் என்னும் நிறுவனம். வடதுருவத்துக்கு அணித்தாக, ஏறத்தாழ 78 பாகை வடக்கில், ஸ்வால்பார்டு என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே 1996இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், என்றும் உறைந்திருக்கும் மண்ணுக்குள், 2017 மார்ச் மாதம் ஆவணக் காப்பகம் ஒன்றைத் திறந்தனர். பிரேசில், மெக்சிகோ நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகங்கள் முதலிலேயே தம் ஆவணங்களை அங்கே வைத்தன. 2020 ஜூலையில் கிட்ஹப் என்ற அமெரிக்க நிறுவனம், உலகெங்கும் உள்ள கணினி வல்லுநர்கள் பொதுவுடைமையாக எழுதிய நிரல்களைத் திரட்டி 186 சுருள்களில் அங்கே சேர்த்தது. ஒவ்வொரு சுருளும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், அறுபத்தையாயிரம் கட்டங்கள், கட்டம் ஒன்றுக்கு 88 லட்சம் புள்ளிகள். சுருளுக்கு 120 ஜி.பி. அளவு கொள்ளும் என்கின்றனர்.

அந்தச் சுருள்களின் அமைப்பில் என்னைக் கவர்ந்தது அளவன்று. சுருளின் தொடக்கத்தில் புள்ளிகள் இல்லை. மனிதன் கண்ணால் வாசிக்கத்தக்க எழுத்துகள் உள்ளன. உள்ளே என்ன இருக்கிறது, புள்ளிகளை எவ்வாறு எண்களாக மாற்றுவது, எண்களை எவ்வாறு எழுத்துகளாக மாற்றுவது என்பதை அங்கே விளக்கி வைத்திருக்கின்றனர். நூறு தலைமுறைக்குப் பின் ஒருவன் எடுத்தாலும், நம் கருவிகள் எவையும் அவனிடம் இல்லாவிடினும், வெளிச்சத்தில் பிடித்து முதற்பகுதியைப் படித்து, மேற்கொண்டு படிக்கும் கருவியை அவனே செய்துகொள்ளலாம் என்பது எண்ணம். பாயிரம் கேளாது நூல் கேட்கலாகாது என்று நம் இலக்கண ஆசிரியர்கள் சொன்ன முறை இதுவே. நூற்பெயரும் வழியும் எல்லையும் கேட்போரும் பயனும் சொல்லிவிட்டுத்தான் நூலுக்குள் நுழைவார்கள். நாம் ஸ்கேன் செய்து வன்தட்டில் போட்டுவைத்திருக்கும் கோப்புகளுக்குப் பாயிரம் உண்டா? 0001, 0002 என்ற எண்கள்தாமே பெயர்களாக இருக்கின்றன? எந்த ஊர், எவர் இல்லம், எந்தக் கட்டு, எத்தனையாவது ஓலை என்று யார் சொல்வது?

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். புள்ளிகளில் சில அழிந்தாலும் முழுச் செய்தியும் மீள்வதற்கு ஒரு கணக்கு உண்டு. ரீட், சாலமன் என்ற அறிஞர் இருவர் 1960இல் வெளியிட்டது. சொல்ல வேண்டியதோடு சில மிகை எண்களையும் சேர்த்து எழுதுவது. இடையில் கீறலோ கறையோ விழுந்தால், எஞ்சிய எண்களுக்கிடையே உள்ள உறவைக் கொண்டு மறைந்ததைக் கண்டுபிடிப்பது. குறுந்தகட்டிலும், டால்பி ஒலியிலும், கடைகளில் பணம் செலுத்த நாம் காட்டும் கியூ.ஆர். கட்டத்திலும் இக்கணக்கே தொழிற்படுகிறது. கட்டத்தில் பத்தில் மூன்று பங்கு வரை சிதைந்தாலும் மீட்டுக்கொள்ளும் நிலை கியூ.ஆரில் உண்டு.

யாப்பிலக்கணம் கற்பித்த நாள்களில் மாணவர்கள், எதுகையும் மோனையும் தளையும் எதற்கு என்று கேட்பார்கள். இனிமைக்கு என்று சொல்வது வழக்கம். சுவடிப் பதிப்பாளனைக் கேட்டால் வேறு விடை சொல்வான். செல்லரித்த இடத்தில் ஒரு சீர் போய்விட்டது. மேலடியின் இரண்டாம் எழுத்து இன்னது. ஆகவே இவ்வடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்தும் அதுவாதல் வேண்டும். வெண்பா ஆதலின் இவ்விடத்தில் இன்ன வாய்பாடே பொருந்தும். இவ்வாறு நாற்புறமும் நெருக்கிக்கொண்டு வந்து மறைந்த சொல்லைப் பிடிக்கலாம். சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கியும், கும்பகோணத்துச் சமணப் பெருமக்களிடம் மரபுப் பொருளைக் கேட்டறிந்தும் பாடங்களைத் தெளிந்தார் என்பது நாமறிந்த வரலாறு. உரைநடைக்கு இந்தக் காப்பு இல்லை. அதனால்தான் நம் ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள உரைநடை ஏடுகளில் ஓர் ஓலை போனால் போனதே. ஸ்கேன் செய்யும் வரிசையில் உரைநடை ஏடுகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இது.

இனி, அறங்காவலர்களில் சிலருக்கு உவப்பில்லாத ஒன்றைப் பேசவேண்டியிருக்கிறது.

ஃபிலிம் நெடுங்காலம் நிற்கும் என்பது மெய். பாலியெஸ்டர் அடித்தளத்தின்மீது வெள்ளியால் அமைந்த கறுப்பு வெள்ளைச் சுருள், முறையாகக் கழுவப்பட்டு, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கப்பட்டால் 500 ஆண்டு நிற்கும் என்பது துறையினர் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. ஆயிரம் ஆண்டு என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டுவதில்லை. அந்த வெள்ளியை அடித்தளத்தோடு பிணைத்து ஏந்தி நிற்பது எது? ஜெலட்டின். மாடு முதலிய விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து வேகவைத்து எடுக்கப்படும் பசை. 1871இல் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதனை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியது முதல் இன்றுவரை வெள்ளி ஃபிலிமில் அதற்கு மாற்று நிலைபெறவில்லை. 1920களில் கோடாக் ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். சில ஜெலட்டின்களில் படம் நன்றாகப் பதிகிறது, சிலவற்றில் பதியவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்த கந்தகப் பொருளே காரணம் என்று தெரிந்தது. உயிரோடிருந்த மாடு என்ன தின்றது என்பது வரை அந்தப் பசையில் எழுதியிருக்கிறது.

அப்படிப்பட்ட பசையின்மீது அகிம்சையைப் பரம தருமமாக உரைக்கும் நூலை எழுதலாமா?

இவ்வாறு கேட்பவர்களை நகைக்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. உங்கள் திருமணப் படத்திலும் ஜெலட்டின்தானே என்பார்கள். உண்மைதான். மேலும் சொல்வேன்: ஆப்செட் அச்சு வந்தபின் நம் நூல்கள் பல, அச்சுத்தகடு செய்வதற்கு முன் ஃபிலிமில் ஏறித்தான் இறங்கின. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழந்தமிழ் நூல்களை நுண்படம் எடுத்ததும் ஃபிலிமில்தான். அப்பணியால் தமிழ் பெற்ற நன்மைக்கு எல்லையில்லை. ஆகவே, ஃபிலிமைத் தொட்டவன் தீட்டுப்பட்டான் என்று நான் சொல்லவில்லை. அரசுக் காப்பகமோ பல்கலைக்கழகமோ நம் ஏடுகளைத் தம் முறைப்படி நுண்படம் எடுக்க வந்தால் தடுக்கவும் கூடாது. ஆனால் அறியாமல் நேர்ந்ததற்கும், அறிந்து நாமே விலைகொடுத்து வாங்குவதற்கும் வேறுபாட்டை நம் அறநூல்கள் போல நுணுகிப் பேசியவை வேறில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் எண்ணிப் பார்ப்பவர்கள் நாம். சாஸ்திர தானம் என்று சொல்லிப் பொருள் திரட்டி, அப்பொருளில் அந்தப் பசையை நாம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. இது என் கருத்து, அறிஞர்கள் மாறுபடலாம்.

வேறு வழி உண்டா என்று தேடினேன். டையாசோ என்ற ஃபிலிம் உண்டு. வீட்டு வரைபடங்களை அம்மோனியாப் புகையில் படியெடுத்த முறை நினைவிருக்கும், அதே முறை. வெள்ளியும் இல்லை, ஜெலட்டினும் இல்லை, பிசினுக்குள் சாயம். ஆனால் சாயம் வெளிச்சத்தில் மங்கும். மேலும் இது பெரும்பாலும் வெள்ளிச் சுருளிலிருந்து படியெடுக்கவே பயன்படுவது. கடுகுச் செடியைத் தப்பி மாட்டிடமே வந்துவிடுகிறோம். கண்ணாடியில் எழுதும் முறையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆராய்ந்துள்ளது. 2019இல் 75 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள சிலிக்காக் கண்ணாடியில், சூப்பர்மேன் திரைப்படம் முழுவதையும் லேசரால் உள்ளே பொறித்துக் காட்டினர். கண்ணாடிக்கு உயிர்க்கொலை இல்லை. ஆனால் எழுதவும் படிக்கவும் வேண்டிய கருவிகள் நம் கைக்கெட்டாதவை. பொறுத்திருந்து பார்க்கத்தக்கது.

கறுப்புப் புள்ளியை ஃபிலிமில்தான் வைக்கவேண்டுமா, தாளில் வைத்தால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகப் பெரிய கியூ.ஆர். கட்டம் ஒன்று, சிதைவுக்கு மிகுந்த காப்போடு எழுதினால், 1273 பைட்டுகள் கொள்ளும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். ஆக, கட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று வெண்பா. நாலடியார் நானூறும் சுமார் 135 கட்டம். பக்கத்துக்கு ஆறு என்று வைத்தால் இருபத்தைந்து தாளுக்குள் அடங்கிவிடும். மகிழ்ந்துபோனேன். பிறகு நாலடியார் மூலத்தை வெறும் எழுத்தாகவே அச்சிட்டால் எத்தனை தாள் ஆகும் என்று எண்ணினேன். அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அதைப் படிக்க மூக்குக் கண்ணாடி போதும். ஓர் ஓலையின் ஸ்கேன் படத்தை, 20 எம்.பி. என்று கொண்டால், தாளில் கட்டங்களாக்க பதினையாயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் வேண்டும், அது நடவாது. எனவே நூலின் சொற்களை எழுத்தாகவே நல்ல தாளில் அச்சிட்டு வைப்பதும், ஓலையின் படங்களை மட்டும் தட்டுகளில் வைப்பதும்தான் கணக்குக்கு ஒத்துவருகிறது.

தட்டு நிலையாதே என்பீர்கள். நிலையாது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றியே தீரவேண்டும். இது சுமைதான். ஆனால் ஓலையும் நிலையாததே. சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் நூல் நின்றது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்ற நால்வகைத் தானங்களில் சாஸ்திர தானம் என்பது பெரும்பாலும் படியெடுத்துக் கொடுத்ததே. கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்ற அம்மையார், பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். பனிமலைச் சுரங்கத்தில் ஒரு படியை வைத்துப் பூட்டுவது ஒரு வழி. அத்திமப்பையின் வழி வேறு. ஸ்வால்பார்டிலேயே, அதே ஊருக்கு அருகில் உள்ள உலக விதைக் காப்பகத்தின் நுழைவுச் சுரங்கத்தில் 2016இல் பனி உருகிய நீர் புகுந்தது. விதைகளுக்குத் தீங்கில்லை, ஆயினும் என்றும் உறைந்திருக்கும் என்று நம்பிய இடம் அது.

ஒரே படியை வைத்திருப்பதன் இடரை நம் சமயமே அனுபவித்திருக்கிறது. இன்று நாம் போற்றும் சட்கண்டாகமமும், ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் அதற்கு எழுதிய தவளா உரையும் மூடபித்ரியின் பசதியில் பனையோலைகளாக மட்டுமே எஞ்சியிருந்தன. நூற்றாண்டுகளாக மக்கள் தரிசித்து வணங்கினர், வாசிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுப்புத் தொடங்கியது. ஹீராலால் ஜெயின் பதிப்பின் முதல் தொகுதி 1939இல் வெளிவந்தது. இடையில் ஒரு தீ, ஒரு வெள்ளம் வந்திருந்தால் இன்றைய விழாவுக்கு நூலே இல்லை. வளையாபதிக்கு அதுதான் நேர்ந்தது. புறத்திரட்டு முதலியவற்றில் பிறர் எடுத்தாண்ட சில பாடல்களைத் தவிர எதுவும் நம்மிடம் இல்லை. ஃபிலிமும் இதற்கு விலக்கன்று. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளியாயிற்று. இன்று அதன் ஒரு படிகூட இல்லை.

ஆகவே அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள்கள் இவை. ஃபிலிமுக்கென ஒதுக்க நினைத்த தொகையைப் பதிப்புக்கு மாற்றுங்கள். கிரந்த எழுத்துக் கற்பிக்கும் விடுமுறை வகுப்புக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும். ஸ்கேன் படங்களின் முழுத் தொகுதி மேல்சித்தாமூர் மடத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று, தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவரிடம் ஒன்று என மூன்றிடத்திலேனும் இருக்கட்டும். தட்டு மாற்றும் பொறுப்பு ஒருவர் பெயரில் எழுதப்படட்டும். ஆண்டுதோறும் இதே பஞ்சமியன்று, ஏட்டுக்குத் துணி மாற்றும்போதே, தட்டையும் திறந்து பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடட்டும். ஒவ்வொரு தொகுதியோடும் நல்ல தாளில் அச்சிட்ட பாயிரத் தாள் ஒன்று வேண்டும்: ஊர், ஏட்டின் பெயர், ஓலைகளின் எண்ணிக்கை, எழுத்து, சிதைந்த ஓலைகள், கோப்பின் வகை, எழுத்துக் குறியீட்டின் பெயர். உடைமையாளர் விரும்பினால் அவர் பெயரும்.

ஓலைகள் ஓலைகளாகவே உரியவர் இல்லத்துக்குத் திரும்பிச் செல்லும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாமையால்தான் பலர் கட்டை அவிழ்க்கவே அஞ்சுகின்றனர். திரும்பப் பெறும் வசதியில்லாதவர்கள் மடத்தில் ஒப்படைக்கலாம். ஆற்றில் விட வேண்டாம். மண்டபத்தின் வாயிலில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டிருக்கிறது. உணவுக்குச் செல்லும் முன், தம் இல்லத்தில் ஏட்டுக்கட்டு இருப்பதாக அறிந்தவர்கள், பரணில் இருப்பதாகக் கேள்விப்பட்டவர்கள்கூட, ஊர்ப்பெயரை மட்டுமாவது அதில் எழுதிச் செல்லுங்கள்.